பூதலிங்கத்துக்கு நீ கொடுத்த வெற்றிலை

அம்மா,

கிழக்கு வீட்டில் இன்று காலை பந்தல் போடத் தொடங்கிவிட்டார்கள். முடைந்த ஓலைக் கட்டுகளை வண்டியிலிருந்து உருட்டித் தள்ளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஓலையின் வாசமும் வேலியைத் தாண்டி நம் அடுக்களைக்குள் வந்துவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். தை மாதம் அக்காவின் கல்யாணத்துக்கு நம் முற்றத்தில் பந்தல் போட்ட பிறகு இந்த வாசம் இந்தப் பக்கம் வரவில்லை.

உச்சிக்கு முன்னால் அந்த வீட்டு அத்தை வந்தாள். மகளுக்குக் கல்யாணம். ஏற்பாடு செய்திருந்த சமையல்காரருக்குக் காலில் கொதிநீர் கொட்டிவிட்டதாம். வேறு ஆள் வேண்டுமாம். உங்கள் வீட்டு அவியல் இன்னும் நாக்கில் நிற்கிறது, பொங்கினவன் யார் என்று கேட்டாள். பூதலிங்கம் என்றேன்.

"ஓ, ஒங்கம்மை வீட்டுல யாருக்கும் தெரியாம வெத்தல குடுத்து வச்சிருந்தாளே, அவனா?" என்றாள்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வேலியைக் கடந்து போய்விட்டாள். நான் வாயைத் திறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும்.

அக்காவுக்கு ஆனி மாதம் நிச்சயமானது. அன்றைக்கே நீ சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாய். அப்பாவிடம் கேட்டால் என்ன சொல்வார்? "தேரேகால்ல தண்ணி எப்பம் வரும்னு கேளு, சொல்லுகேன். பந்தக்காரன், பாத்திரக்காரன் எல்லாம் ஒன் பாடு" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் நின்று நான் வீட்டில்தான் இருந்தேன். நீ போன இடமெல்லாம் என்னைக் கூட்டிப் போனாய். அக்கா தானும் வருவதாகச் சொன்னபோது, "நீ வந்தா கடைக்காரன்கிட்ட சிரிச்சுப் பேசிக் காரியத்தக் கெடுத்திருவ. இந்த ஊமக்கோட்டான்தான் எனக்குத் தோது" என்றாய். எனக்கு அதில் வருத்தம் இல்லை. உன் பின்னால் நடப்பது எனக்குப் பிடிக்கும். உன் முதுகுக்கு இந்தப் பக்கம் நின்றால் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

கோட்டாற்றில் அந்தச் சாயபுவின் பாத்திரக் கடை நினைவிருக்கிறதா? வாடகைக்கு விடும் வார்ப்புகளை அவர் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், அத்தனை பெரியவை. நீ ஒவ்வொன்றின் மேலும் குனிந்து, மோதிர விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டாய். சாயபு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தாயி, பாத்திரம் எடுக்க வந்தியளா, மேளம் பாக்க வந்தியளா?" என்று கேட்டார். நீ நிமிரவே இல்லை. கீறல் விழுந்த வார்ப்பு பேசாது, நல்லதுதான் பேசும் என்றாய். சொன்ன பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒன்னயச் சொல்லல மக்கா" என்று சிரித்தாய். சாயபுவும் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பந்தல்காரரிடம் நீ கேட்டது ஒரே கேள்வி, மழை பெய்தால் என்ன செய்வீர் என்று. தை மாதத்தில் மழை பெய்யாது என்றார் அவர். "வானம் ஒமக்கு மச்சானா வே?" என்றாய். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, இரட்டை ஓலை போடுவதாக ஒத்துக்கொண்டார்.

சமையலுக்கு ஆள் பார்ப்பதைத்தான் நீ கடைசி வரை தள்ளிக்கொண்டே போனாய். ஆடி கழிந்து தேரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். முதல் பந்திக்குக் கூப்பிட்டார்கள், நீ எழுந்திருக்கவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. எனக்கு வயிறு கூவியது. "மொதப் பந்தியில எவன் பொங்கினாலும் ருசிதான்" என்று என் காதில் சொல்லிவிட்டு, வண்டிக்காரர்களும் மேளக்காரர்களும் உட்காரும் கடைசிப் பந்தி வரைக்கும் என்னைப் பட்டினி போட்டாய். அந்தப் பந்தியிலும் அவியலில் முருங்கைக்காயும் சேனையும் இருந்தன. ரசத்தில் தண்ணீர் சேர்க்கவில்லை. நீ சாப்பிடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

எச்சில் இலைகளைக் கொட்டும் குழிக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் நின்று, வருகிற இலைகளை எட்டி எட்டிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் தீப்பட்ட தழும்பு. அவர்தான் அன்றைய தவசிப்பிள்ளை, சமையலுக்குத் தலைமை ஆள். நீ நேராக அவரிடம் போய், என்னத்தப் பாக்கேரு என்று கேட்டாய்.

"எத மிச்சம் வச்சிருக்காவன்னு பாக்கேன் அம்மா" என்றார். "எரிசேரியில இன்னைக்கு மொளவு ஒரு பிடி கூடிப்போச்சு."

சாப்பிட்டவர்கள் யாரும் எரிசேரியைக் குறை சொல்லவில்லை. வண்டியில் திரும்பும்போது, "தப்ப இலையில தேடுகவன் நமக்குப் போரும்" என்றாய். அவர் பெயர் பூதலிங்கம் என்பது அதற்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

நீ சொல்லி அனுப்பி, அவர் அடுத்த வாரம் வந்தார். அப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். அக்கா சுசீந்திரத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். நான்தான் தட்டில் வெற்றிலை பாக்கும் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்து எடுத்து வந்தேன். நீ கொடுத்தாய். அவர் தோள்துண்டை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கி, கண்ணில் ஒற்றி, மடியில் முடிந்துகொண்டார். தைக் கல்யாணத்துக்கு அடுப்பு அவருடையது என்று அதற்கு அர்த்தம். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. அந்த நாளுக்கு அவர் வேறு வீட்டில் வெற்றிலை வாங்கமாட்டார், நாமும் வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டோம்.

அன்று சாயங்காலம் உனக்குத் தலைவலி. பாயை விரித்துப் படுத்தாய். "அப்பா வந்ததும் சொல்லிரு மக்கா, பூதலிங்கத்துக்கு வெத்தல குடுத்தாச்சுன்னு. நான் ஒறங்கிப் போவேன்" என்றாய்.

அப்பா தனியாக வரவில்லை. பெரியப்பாவும் கூட வந்தார். இரண்டு பேரும் மடைத் தகராறு ஒன்றைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டே வந்தார்கள். பெரியப்பா இருக்கும்போது நான் முன்கட்டுக்கே வந்ததில்லை. அவர் போன பிறகு சொல்லலாம் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அதற்குள் எனக்குக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. காலையில் உனக்குக் காய்ச்சல் கொதித்தது.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மத்தியானம், அப்பா வெளியே வெந்நீர் வாங்கப் போயிருந்தபோது, நீ கண்ணைத் திறந்து கேட்டாய். "அப்பாட்டச் சொல்லிட்டியா?" நான் தலையாட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன், அம்மா. நீ சரி என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

புரட்டாசியில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாழைத்தோட்டத்து ஓரத்தில் பூதலிங்கம் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். யாரிடமும் பேசாமல் போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். பெற்றவள் நிச்சயித்தது, அவள் சொன்ன நாளிலேயே நடக்கட்டும் என்றார்கள். பெரியப்பா எல்லாவற்றையும் தன் தலையில் எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அப்பா அப்போது சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோகிற நிலையில்தான் இருந்தார். மனைவியை இழந்தவர் தாரை வார்த்துக் கொடுக்கக் கூடாது என்பதால் பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்று அக்காவைத் தாரை வார்ப்பது என்று முடிவானது. நீ ஏற்பாடு செய்த பந்தல்காரரையும் பாத்திரக்காரரையும் பெரியப்பா மாற்றவில்லை. அவர்களைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. சமையலுக்கு ஆள் இல்லை என்று நினைத்து, கோட்டாற்றிலிருந்து பெயர் பெற்ற ஒரு தவசிப்பிள்ளையை வரவழைத்து, தன் கையால் வெற்றிலை கொடுத்தார். நம் வீட்டில் வைத்துத்தான் கொடுத்தார். நான் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

சாவு வீடு என்று பூதலிங்கம் வராமல் இருந்துவிடுவார் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்கழி முழுவதும் வாசல் தெளிக்கும்போதெல்லாம் தெருவைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்தார். என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று யாரையோ கொண்டு எழுதி வாங்கிய தாள் கையில் இருந்தது. பெரியப்பாவும் அப்பாவும் முன்கட்டில் இருந்தார்கள். யார் நீர் என்று பெரியப்பா கேட்டார். பூதலிங்கம் சொன்னார். பெரியப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சமையலுக்கு ஆள் ஆகிவிட்டது, யாரோ உம்மை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றார். வீட்டுக்காரி கையால் வாங்கினேன் என்றார் இவர்.

"செத்தவ சாட்சிக்கு வருவான்னு நெனச்சேரா வே?" என்றார் பெரியப்பா.

பூதலிங்கத்தின் பார்வை ஒரு நொடி அடுக்களைக் கதவுக்கு வந்தது. நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும். தட்டை எடுத்து வந்தவள் நான்தான் என்பதும் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளையை இழுத்து நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

"அவ்வோ குடுத்தாவ, நான் வாங்கினேன். இல்லேன்னா நான் போயிட்டு வாறேன்" என்றார். தாளைப் படியில் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டு நடந்தார்.

அந்தக் கல்லைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

"அம்மா குடுத்தா. நான்தான் தட்டு கொண்டு வந்தேன்" என்றேன்.

பெரியப்பா என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்பா எப்பம் என்று மட்டும் கேட்டார். நீங்க தண்ணி பாய்ச்சப் போன அன்னைக்கு என்றேன். பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "புருசன்கிட்டக்கூடச் சொல்லாம வெத்தல குடுத்திருக்கா பாரு" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லச் சொன்னாள், நான்தான் சொல்லவில்லை என்று. இருந்த குரல் எல்லாம் முதல் வார்த்தைகளிலேயே தீர்ந்துவிட்டது. அப்பாவின் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன். என்மேல்தான் கோபம் என்று நினைத்தேன். அவர் எழுந்து, செருப்பில்லாமல் தெருமுனை வரை போய், பூதலிங்கத்தைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அவள் கொடுத்த வெற்றிலைதான் முதலில், இவர்தான் அடுப்பு மூட்ட வேண்டும் என்றார்.

"அப்பம் தாரை வார்க்கதுக்கும் பூதலிங்கத்தையே நிறுத்து" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா படி இறங்கினார்.

அக்கா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பாயில் சுருண்டு அழுதுகொண்டே, "ஆயுசுல ஒரு நாள் வாயத் தொறந்த ஏட்டி, அதுவும் என் கல்யாணத்தக் கெடுக்கதுக்கு" என்றாள். அவளுக்குத் தாரை வார்க்க ஆள் இல்லாமல் போய்விட்டது. அன்றும் மறுநாளும் இந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நான் மாட்டுத் தொழுவத்தில் போய் நின்றுகொண்டேன்.

அதைச் சரிசெய்தவர் பூதலிங்கம். நம்மிடம் சொல்லாமலே கோட்டாற்றுக்குப் போய் அந்தத் தவசிப்பிள்ளையைப் பார்த்திருக்கிறார். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்ததோ. மூன்றாம் நாள் கோட்டாற்றுக்காரர் பெரியப்பா வீட்டுக்கு வந்து, வாடிப்போன வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தாராம். "இன்னொருத்தன் வெத்தல வாங்கின அடுப்புல நான் தீ வைக்க மாட்டேன் அண்ணாச்சி. ஒங்க வீட்டு அடுத்த விசேஷம் எனக்கு" என்றாராம். பெரியம்மா சொன்னாள். பெரியப்பா கொடுத்த வாக்கை அப்பா தள்ளினார் என்று இல்லாமல், வாங்கின ஆளே திருப்பிக் கொடுத்தார் என்று ஆயிற்று. அந்த மரியாதையோடு பெரியப்பா கல்யாணத்துக்கு வந்தார். பெரியம்மாவோடு நின்று தாரை வார்த்தார். அப்போது அவர் கண் நிறைந்ததை நான் பார்த்தேன்.

அன்று காலை பூதலிங்கம் அடுக்களைப் பந்தலிலிருந்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கிழித்த இலைத் துண்டில் எல்லாக் கறியிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருந்தார். பந்திக்கு முன்னால் வீட்டுக்காரி உப்புப் பார்க்க வேண்டுமாம். பெரியம்மாவைக் கூப்பிடுகிறேன் என்று கையைக் காட்டினேன். "நீதான் பாக்கணும்" என்றார். இருபது பேர் கரண்டியோடு நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். உண்மையில் எனக்கு ருசியே தெரியவில்லை, அம்மா. கடவுள் புண்ணியத்தில் உப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அக்கா வில்லுக்குறிக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் இப்போது அப்பாவும் நானும் மாடும்தான். அப்பா பேசுவதே இல்லை. பெரியப்பா வந்தாலும் என் முகத்தைப் பார்க்காமல், அப்பா வீட்டுல உண்டுமா என்று சுவரிடம் கேட்பார். நான் ஏதாவது சொன்னால் அதையும் சுவர் சொன்னது போலத்தான் கேட்டுக்கொள்வார். பகல் முழுவதும் என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு. கோழியை விரட்டும்போதுதான் இருக்கிறது என்று தெரியும்.

அடுத்த மாதம் உனக்கு ஆண்டு திதி. பூதலிங்கத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஊர், "யாருக்கும் தெரியாம" என்று உன்னைச் சேர்த்துச் சொல்கிறது. இன்று அத்தை வாயால் கேட்டபோது, நெய்யூரில் நான் ஆட்டிய தலை எனக்கே கனத்தது.

சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பெரியப்பா இல்லை, யாருமே இல்லை. செம்பை நீட்டினேன். நீட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். அம்மா அன்றைக்கே உங்களிடம் சொல்லச் சொன்னாள், நான்தான் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் சொல்லிவிட்டேன் என்று பொய்யாகத் தலையாட்டினேன் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை அடித்ததே இல்லை, இருந்தாலும் நினைத்தேன்.

செம்பு அவர் கையில் சரிந்து தண்ணீர் எல்லாம் போய்விட்டது. அதைக்கூடப் பார்க்காமல் நின்றார்.

"அப்பம், எங்கிட்டச் சொல்லணும்னுதான் நெனச்சாளா?" என்றார்.

ஆமாம் என்றேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் இத்தனை மாதமும் பேசாமல் இருந்தது என்மேல் உள்ள கோபத்தினால் இல்லை. நீ அவருக்குத் தெரியாமல் ஒன்று செய்துவிட்டுப் போனாய், அவரைக் கேட்கத் தோன்றாமல் போனாய் என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் அழிந்துகொண்டிருந்திருக்கிறார். அந்த முள்ளை வைத்தது நான்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் கஞ்சி ஊற்றி வைத்தேன். அதில் கையை வைக்காமல், நாளைக் காலையில் அண்ணனிடம் போய் இதைச் சொல்ல வேண்டும், நீயும் வா என்றார். சரி என்றேன். நாளை நான் பெரியப்பா வீட்டுப் படியில் நிற்க வேண்டும். 

பிறகு அப்பா தலையைத் தூக்காமல், "வேற என்ன சொன்னா?" என்று கேட்டார்.

 வேறு ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேரூர் கல்யாணத்தில் நாம் கடைசிப் பந்தி வரை பட்டினி கிடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வாய் கஞ்சி குடித்தார். வானம் ஒமக்கு மச்சானா என்று நீ பந்தல்காரரைக் கேட்டதைச் சொன்னேன். இன்னொரு வாய் குடித்தார். எனக்கு இவ்வளவு பேசிப் பழக்கம் இல்லை. தொண்டை வலித்தது. இன்றைக்கு அத்தனையும் சொல்லிவிடவில்லை, அம்மா. நாளைக்கும் கேட்பார் என்று கொஞ்சம் வைத்திருக்கிறேன்.